ரூம் இருக்கு, கண்டிஷனும் இருக்கு

இம்முறை வந்த கடிதங்களில் முக்கால்வாசி போடிங் பற்றியவை. மழையைப் பற்றிக் கேட்டவர்கள் அடுத்த இதழ்வரை நனையட்டும்.

ஊவா வெல்லஸ்ஸ பல்கலைக்கழகத்தில் முதல் வருடம் முடியப்போகிறது. இனி வெளியே ரூம் பாருங்கள் என்கிறார்கள். எப்போது தேடத் தொடங்குவது?
— மாணவி, தம்பேதென்ன

நேற்றே தொடங்கியிருக்க வேண்டும், தங்கச்சி. நம் நாட்டில் பெரும்பாலும் முதல் வருடத்தாருக்கும் கடைசி வருடத்தாருக்கும்தான் ஹொஸ்டலில் முன்னுரிமை. நடுவில் உள்ளவர்கள் பசறை வீதியில் கதவு கதவாகத் தட்டுவார்கள். சுவரில் ஒட்டிய நோட்டீஸை நம்பிப் போகாதீர்கள். நல்ல ரூம் நோட்டீஸ்வரை வருவதே இல்லை. படிப்பு முடித்துப் போகிற அக்கா பெட்டி கட்டுமுன்னே அடுத்தவள் அட்வான்ஸ் கொடுத்துவிடுகிறாள். கடைசி வருட அக்காமாரை இப்போதே சிநேகம் பிடியுங்கள்.

இன்னொன்று, ரூம் பார்க்க வெயில் நாளில் போகாதீர்கள். வெயிலில் எல்லா ரூமும் நல்ல ரூம்தான். நவம்பர், டிசம்பர் மழையில் ஒரு பின்னேரம் போனால் எந்தச் சுவர் ஒழுகுகிறது, எந்தக் கட்டில் தண்ணீருக்குப் பயந்து நடு அறைக்கு வந்திருக்கிறது என்பதெல்லாம் தெரியும்.

அப்புத்தளையிலிருந்து தினமும் ரயிலில் போய்வரலாமே, வாடகை எதற்கு என்கிறார் அப்பா.
— மாணவன், அப்புத்தளை

அப்பாவை ஒருநாள் கூட்டிக்கொண்டு போங்கள், தம்பி. 1924இல் பதுளைக்கு வந்த பாதை அது. தியத்தலாவை, பண்டாரவளை, எல்ல, தெமோதரை, ஹாலிஎல என்று ஒவ்வொன்றையும் நலம் விசாரித்துக்கொண்டுதான் இறங்கும். தெமோதரையில் ரயில் ஒரு சுற்றுச் சுற்றி, தான் வந்த தண்டவாளத்துக்கு அடியிலேயே புகுந்து போகிறது. அதைப் பார்க்கவென்றே வெளிநாட்டுக்காரர் விமானம் ஏறி வருகிறார். ஆனால் அவருக்கு எட்டு மணி விரிவுரை இல்லை. பஸ் சீசன் எடுத்தாலும் ஏறக்குறைய நாற்பது கிலோமீட்டர் மலைப்பாதை, அதுவும் ஒரு பக்கத்துக்கு. வாரத்தில் இரண்டு நாள் வகுப்பென்றால் போய்வாருங்கள். ஐந்து நாளென்றால் அப்பா மிச்சம் பிடிக்கும் காசை உங்கள் தூக்கம் கட்டும்.

ஒரு ரூமில் நாலு பேர். வாடகை ஆளுக்கு இவ்வளவு என்கிறார் வீட்டுக்கார ஆன்டி. ரூமுக்கு இவ்வளவு என்றல்லவா இருக்க வேண்டும்?
— மாணவி, பூனாகலை

வெள்ளைக்காரன் தோட்டத்தில் பத்துக்குப் பன்னிரண்டு அடி லயக் காம்பராவில் ஒரு குடும்பத்தையே வைத்தான். ஆனால் தலை எண்ணி வாடகை வாங்க அவனுக்கும் தோன்றவில்லை! தலைக்கணக்கு இப்போது ஊர்வழக்கம், மாற்றுவது கஷ்டம். உங்களுக்கு நல்லதும் அதுதான். ரூமுக்கு மொத்தமாகப் பேசிவிட்டு, நடு வருடத்தில் ஒருத்தி விலகினால் அவள் பங்கை மற்ற மூவரும் சுமக்க வேண்டும். ஆளுக்கு என்று பேசினால் காலிக் கட்டில் ஆன்டியின் கவலை. அதே சமயம் நாலு என்று சொல்லிவிட்டு ஐந்தாவது கட்டிலை உள்ளே தள்ளமாட்டேன் என்ற வாக்கையும் வாங்கிக்கொள்ளுங்கள்.

சுடுதண்ணிக்குக் கொயில் போட்டால் ஆன்டி கரண்ட் பில்லைத் தூக்கிக்கொண்டு வருகிறார். பதுளைக் குளிரில் பச்சைத் தண்ணியிலா குளிப்பது?
— மாணவி, வெலிமடை

வெலிமடைக்காரி பதுளையைக் குளிர் என்கிறீர்கள், இதை அப்புத்தளையில் யாரும் வாசித்துவிடக் கூடாது. கணக்கைப் பாருங்கள். ஆயிரம் வாட் கொயில் ஒரு மணிநேரம் ஓடினால் ஓர் அலகு. நாலு பேர் ஆளுக்கு இருபது நிமிடம் போட்டால் மாதம் நாற்பது அலகு. நம் மின்கட்டணம் படிப்படியாக ஏறுவது. வீட்டுப் பாவனை அறுபது அலகைத் தாண்டியதும் கட்டண அட்டவணையே வேறு. அதாவது உங்கள் நாற்பது அலகு, ஆன்டி தான் எரித்த அலகுகளின் விலையையும் சேர்த்து ஏற்றிவிடுகிறது. அவர் கோபத்துக்குக் காரணம் உண்டு. ரூமுக்குத் தனியாக ஒரு சப் மீட்டர் பூட்டச் சொல்லுங்கள். செலவில் பாதியை நீங்களே தருவதாகச் சொன்னாலும் நட்டமில்லை.

மகனின் ரூம் அட்வான்ஸுக்கு ரசீது கேட்டால் வீட்டுக்காரர் மனம் நோகாதா? நல்ல மனிதராகத்தான் தெரிகிறார்.
— ஒரு தகப்பன், கொஸ்லந்தை

அண்ணே, இந்தக் கேள்வியை நம் தோட்டத்து ஆட்கள்தான் கேட்பார்கள். நகரத்துக்காரர் யாரும் இப்படிக் கேட்டு எழுதியதில்லை. ஏனென்று யோசித்தேன். நம் பாட்டன், பூட்டன் காலந்தொட்டு இருந்த வீட்டுக்கு உறுதியும் இல்லை, வாடகைச் சீட்டும் இல்லை. வேலை இருந்தால் காம்பரா இருந்தது. கூரைத் தகரம் ஓட்டையானால் துரையிடம் போய்ச் சொன்னோம், மாற்றினால் மாற்றினார். கடிதம்கூட நம் வாசலுக்கு வருவதில்லை. பல தோட்டங்களில் இன்றும் வீட்டுக்கென்று ஒரு விலாசம் கிடையாது, எல்லாம் தோட்ட ஆபீசுக்கே வரும். வீட்டுக்குக் காகிதம் கேட்பது என்ற பழக்கமே நம்மிடம் வளரவில்லை. கேட்டால் மரியாதைக் குறைவு என்ற கூச்சம் மட்டும் நன்றாக வளர்ந்திருக்கிறது.

உங்கள் மகன்தான் குடும்பத்தில் முதன்முதலாக ஒரு வீட்டுக்குக் காசு கொடுத்து உரிமையோடு நுழைகிறவன். கூச்சத்தை லயத்திலேயே விட்டுவிட்டு வாருங்கள். கேட்பதற்கு ஒரு வழி சொல்கிறேன்: “ஐயா, பர்சரிக்குக் கணக்குக் காட்ட வேணும், ஒரு துண்டு எழுதித் தாங்க.” நல்ல மனிதர் எழுதித் தருவார். முகம் கோணினால், அட்வான்ஸ் கொடுக்குமுன்னே உங்களுக்கு ஒரு விஷயம் தெரிந்துவிட்டது, அதுவும் இலவசமாக.

துண்டில் என்ன இருக்க வேண்டும்? கொடுத்த தொகை, திகதி, இரண்டு கையெழுத்து, அடையாள அட்டை இலக்கம். ரூமை விடுவதற்கு எத்தனை நாள் முன்பு சொல்ல வேண்டும், சொன்னால் அட்வான்ஸ் எத்தனை நாளில் திரும்பும். முக்கியமாக, விடுமுறை மாதங்களுக்கு முழு வாடகையா, பாதியா என்பது. இந்தக் கடைசி வரியை எல்லோரும் மறக்கிறார்கள். 2020 மார்ச்சில் பல்கலைக்கழகங்களைப் பூட்டியபோது அதன் அருமை தெரிந்தது. பிள்ளைகள் வீட்டில், பாயும் புத்தகமும் போடிங்கில், வாடகை மட்டும் மாதம் தவறாமல் நடந்தது.

பிறகும் தகராறு வந்தால்? 1972ஆம் ஆண்டின் வாடகைச் சட்டம் ஒன்று இருக்கிறதுதான். ஆனால் சில ஆயிரம் ரூபாய்க்காக வழக்குப் பேசப் போனால் பஸ் காசிலேயே அட்வான்ஸ் கரைந்துவிடும். 1988ஆம் ஆண்டின் 72ஆம் இலக்கச் சட்டத்தால் வந்த மத்தியஸ்த சபை பக்கத்திலேயே இருக்கிறது. அப்புக்காத்து வேண்டாம். அங்கே போகும்போது அந்தத் துண்டு கையில் இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

எனக்குச் சிங்களம் சரளமில்லை. வீட்டுக்காரர் சிங்களத்தில் எழுதிய ஒப்பந்தத்தை நீட்டுகிறார்.
— மாணவன், நமுனுகுல

தமிழும் அரசகரும மொழி என்று 1987இல் 13ஆம் திருத்தம் சொல்லிவிட்டது. உங்கள் வீட்டுக்காரரை அது கட்டுப்படுத்தாது. வாசிக்கத் தெரிந்த நண்பனோடு போங்கள். முடியாவிட்டால் போனில் படம் பிடித்து ஊரில் ஓர் ஆசிரியருக்கு அனுப்பிவிட்டு, “நாளைக்குக் கையெழுத்துப் போடுறேன்” என்று சொல்லுங்கள். வாசிக்காத காகிதத்தில் கைநாட்டு வைத்த பரம்பரை நாம். ஒருமுறை போதும்.

மகாபொல கிடைக்கும். அதில் போடிங்கைச் சமாளிக்கலாமா?
— மாணவி, லுணுகலை

மகாபொல புலமைப்பரிசில் 2025இல் மாதம் 5,000 ரூபாயிலிருந்து 7,500 ஆனது. 2024இல் பேசி முடித்த 1,350 ரூபாய் தோட்ட நாட்சம்பளத்தில் பார்த்தால் அம்மாவின் ஐந்தரை நாள் பேர். வாடகையோடு அது மல்லுக்கட்டும். சாப்பாட்டுக்கு வேறு யாராவது வர வேண்டும். அதோடு, முதல் வாடகை வந்து நிற்கும் நாளுக்கும் முதல் தவணை கைக்கு வரும் நாளுக்கும் இடையில் சில மாதங்கள் இருக்கும். அந்த இடைவெளிக்குத்தான் பணம் சேர்க்க வேண்டும். அம்மாவிடம் சீட்டு இருந்தால், எப்போது கூறி எடுப்பது என்று இப்போதே பேசிவையுங்கள்.

மலிவான ரூம். பின்பக்கம் மண்மேடு. பயப்பட வேண்டுமா?
— மாணவன், ஹல்துமுல்ல

ஹல்துமுல்லயிலிருந்து இதைக் கேட்கிறீர்களே, தம்பி. 2014 ஒக்டோபர் 29 காலையில் மீரியபெத்தவில் லயங்களை மண் மூடியது உங்கள் பிரதேசத்தில்தான். எச்சரிக்கை அதற்கு முன்பே கொடுக்கப்பட்டிருந்தது. 2025 நவம்பரில் டித்வா புயல் வந்தபோது பதுளை மாவட்டம் பட்டதும் தெரியும். மேட்டை வெட்டி வீடு கட்டியிருந்தால் பின்னால் போய்ப் பாருங்கள். தரையில் புது வெடிப்பு, சாய்ந்த மரம், திடீரென்று மூட மறுக்கும் கதவு, கலங்கி வரும் ஊற்று, இதில் ஒன்று இருந்தாலும் வேண்டாம். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மழைக்காலத்தில் பிரதேச செயலகப் பிரிவு வாரியாக மண்சரிவு எச்சரிக்கை விடுகிறது. ரூம் இருக்கும் பிரிவின் பெயரைத் தெரிந்து வைத்திருங்கள். அங்கே வாடகை ஏன் மலிவு என்று வீட்டுக்காரரிடம் கேட்க வேண்டாம், மேட்டைக் கேட்டாலே போதும்.

சீனியர்கள் எடுத்திருக்கும் போடிங்கில் ஓர் இடம் காலி. நம்பிப் போகலாமா?
— மாணவன், பசறை

சோறும் நோட்ஸும் கிடைக்கும். ராத்திரியில் “பாட்டுப் பாடு” என்ற கட்டளையும் கிடைக்கலாம். இது கெம்பஸுக்கு வெளியே நடப்பதுதானே என்று யாராவது சொன்னால், 1998ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கப் பகிடிவதைத் தடைச் சட்டம் கல்வி நிறுவனத்துக்கு உள்ளேயும் வெளியேயும் பொருந்தும் என்று சொல்லுங்கள். இலக்கத்தையும் ஆண்டையும் சேர்த்துச் சொன்னால் பாட்டு பாதியில் நின்றுவிடும்.

மகளுக்கு உயர்தரம் விஞ்ஞானப் பிரிவு. பதுளையில்தான் படிக்க வேண்டும். சொந்தக்காரர் வீடா, போடிங்கா?
— ஒரு தாய், பண்டாரவளை

போடிங்கில் வாடகை மாதம் ஒருமுறை. சொந்தக்காரர் வீட்டில் தினமும்: தேங்காய் துருவ, சின்னதைத் தூக்க, விருந்தாளிக்குத் தேத்தண்ணி ஊற்ற. பரீட்சை நேரத்தில் அவர்கள் வீட்டுக் கல்யாணமும் வரும். பதினாறு வயதுப் பிள்ளை என்பதால், எந்த வீடானாலும் நீங்கள் ஒரு ராத்திரி தங்கிப் பாருங்கள், அக்கா. ரூமுக்கு உள்தாழ்ப்பாள் இருக்கிறதா, குளியலறைக்கு யார் படுக்கும் இடத்தைத் தாண்டிப் போக வேண்டும், இரண்டையும் கண்ணால் பார்த்த பிறகு சொந்தமா அந்நியமா என்று முடிவெடுக்கலாம்.

கொழும்பில் படிக்கப் போகிறேன். வெள்ளவத்தையில் ரூம் எடுத்தால் பொலிஸ் பதிவு, பொலிஸ் பதிவு என்று தாத்தா பதறுகிறார். இப்போதும் அப்படியா?
— மாணவன், தியத்தலாவை

தாத்தாவைக் கேலி செய்யாதீர்கள். போர்க்காலத்தில், 2007 ஜூன் 7ஆம் திகதி, கொழும்பு லொட்ஜுகளில் தங்கியிருந்த முந்நூற்றுக்கும் அதிகமான தமிழர்களைப் பொலிஸார் பஸ்களில் ஏற்றி நகரத்தை விட்டே அனுப்பினார்கள். அடுத்த நாள் உயர் நீதிமன்றம் தலையிட்டு அதை நிறுத்தியது. வாடகை கட்டியிருந்ததா, அடையாள அட்டை இருந்ததா என்பதெல்லாம் அன்று யாருக்கும் உதவவில்லை. அந்தக் காலம் போய்விட்டது. வெள்ளவத்தையில் இன்று உங்களைப் பயமுறுத்தப்போவது வாடகைதான். இருந்தாலும் போய்ச் சேர்ந்த அன்றே தாத்தாவுக்கு ஒரு கோல் எடுங்கள்.

எப்போதும் பிள்ளைகள் பக்கமே எழுதுகிறீர்கள். மூன்று மாத வாடகை பாக்கி, சுவரில் ஆணி, ஜன்னலால் ஓட்டம். இதை யார் கேட்பது?
— வீட்டுக்காரர் ஒருவர், பதுளை

நியாயம், ஐயா. வாடகையைக் கட்டாமல் போனில் ‘சுவிட்ச் ஓஃப்’ ஆகிவிடும் தம்பிமாரை எனக்கும் தெரியும். மேலே கொஸ்லந்தை அண்ணனுக்குச் சொன்ன அதே துண்டில் இரண்டு கையெழுத்து இருக்கிறது, ஒன்று உங்களுக்காக. ஆனால் ஜன்னலால் ஓடினான் என்கிறீர்கள். ஓர் ஆள் நுழையும் அளவுக்கு ஜன்னல் வைத்த ரூமா? விலாசத்தை அனுப்புங்கள், இங்கே பல பேர் தேடிக்கொண்டிருக்கிறார்கள்.