வியன்னா போன அப்பத்தா

காலையில் கண் விழித்ததும் சிலர் உள்ளங்கையைப் பார்ப்பார்கள், சிலர் சாமி படத்தைப் பார்ப்பார்கள். மானாமதுரை அண்ணன் ஏழு இலக்க எண் ஒன்றைப் பார்ப்பார். எண்ணைத் தட்டி, அதற்குக் கீழே கோணல்மாணலாக நெளியும் எழுத்துகளையும் தட்டினால்தான் அரசாங்கத் தளம் கதவைத் திறக்கும். "இது பூஜ்யமா, ஓவா பாரு" என்று அண்ணியிடம் போனை நீட்டுவார். அண்ணி மிளகாய் வறுத்துக்கொண்டிருப்பார். "எதுவா இருந்தா என்ன? நேத்து என்ன போட்டிருந்துச்சோ அதுதான் இன்னைக்கும் போட்டிருக்கும்." பெரும்பாலும் அண்ணி வாக்கு பலித்துவிடும்.

ஊருக்கு ஒருவர் இப்படி உண்டாகிவிட்டார்கள். அப்பளம் போடுகிறவர், செக்கு எண்ணெய் ஆட்டுகிறவர், சீயக்காய் அரைக்கிறவர். டிரேட்மார்க்குக்கு எழுதிப் போடும் நாள்வரை வியாபாரி. மறுநாளிலிருந்து ஸ்டேட்டஸ் பார்க்கிறவர். ரயில் வெயிட்டிங் லிஸ்ட் பார்ப்பவர்களை இவர்களோடு சேர்ப்பது நியாயமில்லை. அவர்களுக்கு ஒருநாள் சார்ட் போட்டு, ஏறு அல்லது வீட்டுக்குப் போ என்று சொல்லிவிடுவார்கள். இவர்களோ மாதக்கணக்கில் பிளாட்பாரத்திலேயே நிற்பார்கள், அதுவும் ஒருவிதப் பெருமையோடு.

அண்ணனுடைய சரக்கு இட்லிப்பொடி. கவரில் கொண்டை போட்ட அவருடைய அப்பத்தா சிரிப்பார். பக்கத்து ஊரில் எவனோ ஒரு கிழவி படத்தைப் போட்டுப் பொடி விற்கிறான், அதிலும் கொண்டை என்று கேள்விப்பட்ட அன்றுதான் அண்ணன் ஆடிட்டரிடம் ஓடினார். தனி ஆள், சிறுதொழில் என்றால் ஆன்லைனில் 4,500 ரூபாய், மற்றவர்களுக்கு 9,000. சரக்குகளையும் சேவைகளையும் 45 வகுப்புகளாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள், பொடி 30-இல் வரும் என்றார் ஆடிட்டர். "நான் பத்தாவதோட நின்னுட்டேன், எம்பொடி முப்பதாம் வகுப்பு" என்று அண்ணன் அன்று சொன்னதை இன்றுவரை புதிதுபோலவே சொல்லிவருகிறார்.

எழுதிப் போட்ட சில நாளில், ராத்திரி பதினோரு மணிக்குப் போன்.

"தம்பி, ஃபைலை வெளிநாட்டுக்கு அனுப்பிட்டாய்ங்கப்பா."

"எந்த நாட்டுக்குண்ணே?"

"வியன்னா. ஆஸ்திரியாவுல இருக்காம்ல, பையன் மேப்புல காட்டுறான்."

ஸ்டேட்டஸில் 'சென்ட் டு வியன்னா கோடிஃபிகேஷன்' என்று வந்திருந்தது. ஃபைல் எங்கும் போகவில்லை என்று விளக்கினேன். 1973-இல் நாடுகள் வியன்னாவில் கூடிச் செய்த ஒப்பந்தம் அது. லோகோவில் இருக்கும் உருவத்துக்கெல்லாம் எண் கொடுக்கும் முறை. மனிதர்கள் இரண்டாம் பிரிவு, அதற்குள் பெண்களுக்குத் தனி எண். நாளைக்கு இன்னொருவன் கிழவி படத்தோடு வந்தால் எண்ணை வைத்துத் தேடிப் பிடித்துவிடலாம். அண்ணன் கவனமாக 'உம்' கொட்டினார். ஆனால் மறுநாள் டீக்கடையில் அவர் சொன்னது வேறு: "எங்க அப்பத்தா உசுரோட இருந்தவரைக்கும் மதுரையைத் தாண்டினதில்ல. இப்ப வியன்னாவுல இருக்கு." எப்போது திரும்பும் என்று இரண்டு பேர் அக்கறையாக விசாரித்தார்களாம்.

பிறகு 'மார்க்டு ஃபார் எக்ஸாம்'. தினமும் அதே வாசகம். தினமும் அதை ஸ்கிரீன்ஷாட் எடுத்தார். போனில் இடம் இல்லாமல் போக, மகளுக்குக் காது குத்திய வீடியோவை அழித்தார். அதற்கு அண்ணி நான்கு நாள் பேசவில்லை. அண்ணன் அதைக் கவனித்ததாகத் தெரியவில்லை.

ஒருநாள் 'அப்ஜெக்டட்' என்று மாறியது. அண்ணனுக்கு உடனே சகலைமேல் சந்தேகம். "அவன்தான் மொட்டைப் பெட்டிஷன் போட்டிருப்பான்." இது ஆபீஸில் சட்டப்படி கேட்கிற கேள்வி, வெளியாள் எதிர்ப்பதற்கு 'அப்போஸ்டு' என்று வரும் என்று ஆடிட்டர் சொல்லியும் சகலையோடு பேச்சுவார்த்தை நின்றது. விஷயம் இதுதான்: படத்துக்குக் கீழே பெயராக அவர் வைத்திருந்தது பொடியின் சுவையைப் புகழும் ஒரு சொல். சரக்கின் குணத்தைச் சொல்லும் சொல் எல்லா வியாபாரிக்கும் பொது. ஒருவருக்கே பட்டா போட முடியாது. "பின்ன, வெளங்காத பொடின்னா பேர் வைக்கிறது?" என்றார் அண்ணன். பதிலுக்கு 30 நாள் அவகாசம். அண்ணன் மூன்றாம் நாளே அனுப்ப வைத்தார்.

நடுவில் ஒரு கல்யாணத்துக்குச் சென்னை வந்தவர், முகூர்த்தம் முடிந்ததும் கிண்டிக்குக் கூட்டிப்போகச் சொன்னார். தென் மாநிலங்களின் டிரேட்மார்க் விண்ணப்பங்களைப் பார்க்கும் அலுவலகம் அங்கேதான். ஞாயிற்றுக்கிழமை, பூட்டிக் கிடந்தது. வாசலில் செருப்பைக் கழற்றப் போனவரைக் கையைப் பிடித்து நிறுத்தினேன்.

இப்போது 'அக்செப்டட் அண்டு அட்வர்டைஸ்டு' வரை வந்துவிட்டார். வாரந்தோறும் திங்கட்கிழமை வெளியாகும் டிரேட்மார்க் ஜர்னலில் அப்பத்தா அச்சாகிவிட்டார். சர்ச்சில் கல்யாண ஓலை வாசிப்பதுபோல்தான், ஆட்சேபம் உள்ளவர்கள் சொல்லலாம். என்ன, அங்கே மூன்று ஞாயிறு, இங்கே நான்கு மாதம். யாரும் எதிர்க்காவிட்டால் பதிவு. பத்து வருடத்துக்குச் செல்லும், எழுதிப் போட்ட தேதியிலிருந்தே கணக்கு. "அப்ப நீங்க போனைப் பாத்துக்கிட்டே உக்காந்திருந்ததெல்லாம் அந்தப் பத்துலதான் கழியுதா?" என்று அண்ணி கேட்டதற்கு ஆடிட்டரிடமே பதில் இல்லை.

இதற்கிடையில் கவர் பிரச்சினை. 'டிஎம்' என்று யாரும் போட்டுக்கொள்ளலாம், வட்டத்துக்குள் 'ஆர்' போடப் பதிவாகியிருக்க வேண்டும். முந்திக்கொண்டு போட்டால் அபராதம். டிஎம் போட்ட கவர் தீரும் நிலையில் பிரஸ்காரர் குறைந்தது பத்தாயிரம் அடிக்க வேண்டும் என்றார். இன்றைக்கோ நாளைக்கோ ஆர் வரப்போகிற நேரத்தில் பத்தாயிரம் டிஎம்மா? அண்ணன் மறுத்துவிட்டார்.

போன வாரம் மதுரையில் ஒரு பலசரக்குக் கடையில் அண்ணன் பொடியைக் கேட்டேன்.

"அது வந்தே மூணு மாசமாச்சு சார். கேட்டா கவர் இல்லைங்கிறார். ஆர் வரட்டும்கிறார். ஆருன்னா யாரு சார்?"

சொல்லிக்கொண்டே, அந்தப் பொடி இருந்த தட்டிலிருந்து வேறொரு பாக்கெட்டை எடுத்து நீட்டினார். அதிலும் ஒரு கிழவி சிரித்துக்கொண்டிருந்தார், கொண்டையோடு.