எட்டுப் பேரும் ஒரு வலையும்

இஞ்ச வா மனே. ஒலுவில் துறைமுகத்துக் கல்லுல குந்திக்கிட்டு நவுன், ப்ரோநவுன், வேர்ப், அட்வேர்ப் எண்டு எட்டையும் தஸ்பீஹ் மணி உருட்டுற மாதிரி உருட்டுறாய். நல்லம். எட்டுப் பேரும் கரையில நிண்டு வேடிக்கை பாத்தா வலை வந்து சேருமா?

தொல்காப்பியர் சொல்லை நாலாத்தான் பிரிச்சார்: பெயர், வினை, இடை, உரி. வெள்ளைக்காரன் எட்டாக்கினான். அவன்ட வீட்டுல அறை கூட. அதுக்காக அறைப் பேரெல்லாம் பாடமாக்கிட்டுத்தான் உள்ளுக்குப் போவன் எண்டு வாசல்லயே நிக்கிறியே.

நேத்து ‘மை வாப்பா கோ டு கல்முனை’ எண்டாய். நான் காது கேக்காதவன் போல இருந்தன். தமிழ்ல போறன், போறாய், போறான், போறா, போறம் எண்டு ஆளுக்கொரு வால் ஒட்டுறாய். பால்குடி மறக்கிற வயசிலயே அது உனக்கு வந்திட்டுது, ஒரு மாஸ்டரும் அடிக்கல்ல. இங்கிலீசுல நிகழ்காலத்துல அவனுக்கும் அவளுக்கும் ஒரே ஒரு ‘எஸ்’. அந்த ஒத்தை வாலையும் கடல்ல விட்டுட்டு வாறாய்!

ப்ரெப்பசிஷன் கஷ்டமாம். நீ கல்முனை‘க்கு’ எண்டு பின்னால கட்டுறதை அவன் ‘டு’ எண்டு முன்னால கட்டுறான். கயிறு ஒண்டுதான்.

ஆனா பெசிவ் வொய்ஸ் மட்டும் உனக்குச் சட்டெண்டு பிடிபட்டுட்டுது. ‘கோப்பை உடைக்கப்பட்டுட்டுது உம்மா’ எண்டாயாம். உடைச்சவன் எங்கடா? அந்த இலக்கணத்துல உன்னை விடக் கெட்டிக்காரன் இந்தத் துறைமுகம். டென்மார்க் கடன்ல கட்டப்பட்டது. 2013 செப்டம்பர் 1ஆம் தேதி திறக்கப்பட்டது. வாய் மணலால அடைக்கப்பட்டது. வடக்கால கரை அரிக்கப்பட்டது, தென்னையும் வீட்டு வளவும் பறிக்கப்பட்டது. மணலைச் சொன்னாங்க, மனிசனைச் சொல்லல்ல. ‘பை’ எண்டு போட்டு ஆளைக் காட்ட இங்கிலீசுல வழியிருக்கு. போடாட்டியும் வசனம் பிழையில்லையாம். படிச்சவங்களுக்கு அது எவ்வளவு வசதி பாத்தியா!

சரி, எழும்பு. நாளைக்கு சுபஹுக்குப் பிறகு வாடிக்கு வா. பட்ட மீனை முழுக்க இங்கிலீசுல சொல்லு. பிழையாச் சொன்னா சிரிப்பன். வாயைத் திறக்காட்டி தேத்தண்ணி இல்ல.