கடாரம் கொண்டான் சரி, ஆற்றை என்ன செய்தான்?

ராஜேந்திர சோழனுக்குப் பட்டம் என்றால் உயிர். வடக்கே படையை அனுப்பிக் கங்கைத் தண்ணீரை வரவழைத்தான். தான் மட்டும் கோதாவரிக் கரையோடு நின்றுகொண்டான். திருவாலங்காட்டுச் செப்பேடே அப்படித்தான் சொல்கிறது. ஆனாலும் பட்டம் 'கங்கைகொண்டான்'! டெலிவரி வாங்கியவருக்கே முழு கிரெடிட்.

1025இல் கடாரம், அதாவது நம்ம கெடா மீது கண். கப்பல்கள் வந்தன, 'கடாரங்கொண்டான்' ரெடி. மெய்க்கீர்த்தியில் என்னென்ன பிடித்தோம் என்று பட்டியல் வேறு: மன்னன் சங்கிராம விசயோத்துங்கவர்மன், யானை, வித்தியாதர தோரணம், மணிக்கதவு... வீடு காலி செய்யும் லாரிக்காரரின் ரசீது தோற்றது போங்கள்.

அந்த ரசீதில் ஓர் ஐட்டம் மிஸ்ஸிங். மெர்போக் ஆறு!

அது இல்லாவிட்டால் கடாரமே இல்லை ஐயா. செமிலிங் படகுத்துறையில் நின்று பாருங்கள்: சேறு, கண்டல் மரம், கொசு. இதற்கா இத்தனை கப்பல்? இதற்குத்தான். நடுக்கடலிலிருந்தே தெரியும் 1,217 மீட்டர் ஜெராய் மலை, சரக்கை உள்ளே கொண்டுபோக ஆறு. அந்தக் கால ஜிபிஎஸ்ஸும் ஹைவேயும் ஒரே இடத்தில்.

தென்மேற்குக் காற்றில் வந்த வியாபாரி ஊர் திரும்ப வடகிழக்குக் காற்று வரணும். அதுவரை என்ன செய்வான்? சாமி கும்பிட்டான், பேரம் பேசினான். பூஜாங் பள்ளத்தாக்கில் செங்கல் கோயில்கள். சுங்கை பத்துவில் ஆற்றோரப் படகுத்துறைகள், இரும்பு உலைகள். மாதக்கணக்கில் டிரான்சிட்டில் கிடந்தவர்களுக்காக ஓர் ஊரே எழுந்து நின்றது.

பிறகு ஆறு தன் வேலையைக் காட்டியது. வண்டல் சேர்ந்தது, கரை நகர்ந்தது. சுங்கை பத்து படகுத்துறைகள் இன்று நட்டநடுத் தரையில் நிற்கின்றன. சோழப்படை வந்து போனது. சேறு வந்து தங்கியேவிட்டது. உண்மையில் கடாரம் கொண்டது யார் என்று நீங்களே சொல்லுங்கள்.

அப்புறம் வெள்ளைக்காரன் காலம். கங்காணி கூட்டிவந்த நம் தாத்தா பாட்டிகள் இந்த வட்டாரத்தில் ரப்பர் மரம் சீவினார்கள். சோழனுக்குக் கிடைத்தது பட்டம். இவர்களுக்குக் கிடைத்தது லயத்து வீடும் அட்டைக்கடியும்.

கடைசியாக ஒரு 'வெற்றி' பாக்கி. 2013இல் சுங்கை பத்துவில் ஆயிரம் வருஷத்துக்கு மேல் பழமையானதாகக் கருதப்பட்ட 11ஆம் எண் சண்டி (பழங்கோயில்), மேம்பாட்டு வேலையில் தரைமட்டம். ராஜேந்திரனாவது கதவைக் கொண்டுபோனதைக் கல்லில் வெட்டி ஒப்புக்கொண்டான்.

மிச்சம் இருப்பதை மெர்போக் அருங்காட்சியகத்தில் வைத்திருக்கிறார்கள். 1959, 60இல் மீட்டுக் கட்டிய புக்கிட் பத்து பகாட் சண்டியும் அங்கேதான். அடுத்த புல்டோசர் வருவதற்குள் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு ஒரு நடை போய்ப் பாருங்கள்.