நாரைக்குப் பட்டா இல்லை

நான்கு மடையான்களைக் கண்ணி வைத்துப் பிடித்து, காலைக் கட்டிச் சாலையோரம் விற்க உட்காரும் ஏழையின் மேல் 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் பாயும். வனத்துறை ஜீப் வரும். பறவைகள் பறிமுதலாகும். மறுநாள் பேப்பரில் பிடித்த அதிகாரியும் பிடிபட்ட ஆளும் விடுவிக்கப்பட்ட மடையானும் ஒரே படத்தில் நிற்பார்கள். சட்டம் தன் கடமையைச் செய்துவிட்டது, சபாஷ்.

அந்த மடையான் மேய்ந்த வயலையே வெட்டி எடுத்துவிட்டால்? அது மீன் கொத்திய ஏரியில் நிலக்கரிச் சேறு வந்து படிந்தால்? அதற்கு ஜீப் வராது. பறவையின் இறகைத் தொட்டால் குற்றம். அது கால் வைத்து நிற்கும் மண்ணைத் தொட்டால் வளர்ச்சி. கடலூர் மாவட்டத்தில் கொக்குக்கும் நாரைக்கும் நடந்துகொண்டிருக்கும் அத்தனை அநியாயமும் இந்த ஒரு ஏற்பாட்டுக்குள் அடக்கம்.

இதைச் சும்மா செய்துவிடவில்லை, விதி எழுதிச் செய்திருக்கிறார்கள். 2017இல் மத்திய அரசு ஈரநிலப் பாதுகாப்பு விதிகளை வெளியிட்டது. எது ஈரநிலம் என்று சொன்ன கையோடு, எது ஆகாது என்றும் பட்டியல் போட்டது. ஆற்று வழி ஆகாது. நெல்வயல் ஆகாது. குடிநீருக்கென்று மனிதன் வெட்டிய குளம் ஆகாது. பாசனம், உப்பளம், மீன் வளர்ப்பு, பொழுதுபோக்கு, இவற்றுக்கென்று கட்டிய எதுவும் ஆகாது. இந்தப் பட்டியலை எங்கள் மாவட்ட வரைபடத்தின் மேல் விரித்துப் பாருங்கள். பெண்ணையாறு, கெடிலம், பரவனாறு, வெள்ளாறு, கொள்ளிடம் எல்லாம் கடலைத் தேடி வரும் கடைமடை இது. ஆறு இல்லாத இடத்தில் ஏரி, ஏரி இல்லாத இடத்தில் வயல். அத்தனையையும் கழித்த பிறகு மிஞ்சுவது பேருந்து நிலையத்தில் தேங்கும் மழைத்தண்ணீர்தான். அதுவும் ஒப்பந்தக்காரர் பாசனத்துக்காகத்தான் அந்தப் பள்ளத்தை விட்டுவைத்தார் என்று யாரும் நிரூபிக்காதவரை.

1971இல் ஈரானின் ராம்சார் நகரில் உலக நாடுகள் கூடிச் செய்த ஒப்பந்தம், இயற்கையோ செயற்கையோ, நீர் நிற்கும் சதுப்பெல்லாம் ஈரநிலமே என்கிறது. இந்தியா 1982இல் அதில் சேர்ந்தது. 2008இல் கூடிய மாநாடு நெல்வயலும் ஈரநிலம்தான் என்று தனித் தீர்மானமே போட்டது. உலகத்துக்கு முன்னால் ஒரு கையெழுத்து. ஊருக்குத் திரும்பி வந்து வேறொரு கணக்கு. வலசை வரும் பறவை என்ன செய்யும்? சைபீரியாவிலிருந்து கிளம்பும்போதே அரசிதழைப் படித்துவிட்டு வர வேண்டியதுதான்.

வீராணத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பத்தாம் நூற்றாண்டில் முதற் பராந்தகன் காலத்தில் அவன் மகன் இராசாதித்தன் வெட்டுவித்த ஏரி, தந்தையின் பட்டப்பெயரால் வீரநாராயணன் ஏரி. கல்கி பொன்னியின் செல்வனைத் தொடங்குவது இதன் கரையில்தான். ஆயிரம் ஆண்டுகளாகத் தண்ணீர் நிற்கிறது, நீர்க்காகம் மூழ்குகிறது, நாரை நிற்கிறது. இருந்தும் என்ன? இராசாதித்தன் ஒரு பெரும்பிழை செய்துவிட்டான். ஏரி வெட்டும்போது மண்வெட்டி எடுத்தான். அதைவிட மோசம், பாசனத்துக்காக எடுத்தான். விதி மன்னிக்குமா?

2004 முதல் இந்த ஏரியின் தண்ணீர் குழாய் வழியே சென்னைக்குப் போகிறது. அதற்கு முந்திய வீராணம் திட்டம் ஒன்று உண்டு. அது பாதியில் நின்றுபோனது. அந்தத் திட்டத்துக்கென்று செய்த ராட்சதக் குழாய்கள் ஆண்டுக்கணக்கில் சாலையோரம் கிடந்தன. வீடில்லாத மனிதர்கள் அவற்றுக்குள் புகுந்து குடித்தனம் நடத்தினார்கள். மனிதனுக்கே குழாயை வாழிடமாகக் கொடுத்த நிர்வாகத்திடம் போய் நாரைக்கு வாழிடம் கேட்பது நம்முடைய அதிகப்பிரசங்கித்தனம்.

உச்ச நீதிமன்றம் சும்மா இருக்கவில்லை. 2,01,503 ஈரநிலங்களைக் காக்க வேண்டும் என்று 2017இல் சொன்னது. கணக்கு பிறகு 2,31,195 ஆக உயர்ந்தது. 2024 டிசம்பரில், மூன்று மாதத்துக்குள் களத்தில் அளந்து எல்லை குறியுங்கள் என்று மாநிலங்களுக்கு உத்தரவிட்டது. நீதிமன்றம் அவசரப்படலாம். அளவைச் சங்கிலி பிடிப்பவர் அவசரப்படுவதில்லை. சங்கிலி வந்து சேர்வதற்குள் பொக்லைன் வந்து சேர்ந்துவிடுகிறது.

பொக்லைன் என்றதும் நெய்வேலிக்கு வந்துவிட்டோம். 1956இல் நிறுவனமாகத் தொடங்கி இன்று என்.எல்.சி. இந்தியா என்று பெயர் சொல்லும் அந்த நவரத்தினம் தோண்டும் பழுப்பு நிலக்கரிக்குக் கீழே அழுத்தத்தோடு நிலத்தடி நீர் நிற்கிறது. ஒரு காலத்தில் இந்தப் பக்கம் குழாய் இறக்கினால் மோட்டார் இல்லாமலே தண்ணீர் பீறிட்டு வந்த பூமி இது. அந்த நீரை இராப்பகலாக இறைத்து வெளியே தள்ளாவிட்டால் சுரங்கம் மூழ்கிவிடும். இறைத்த நீர் பரவனாற்றில் விழுந்து வாலாஜா ஏரிக்கும், அங்கிருந்து பெருமாள் ஏரிக்கும் போகிறது. விவசாயிக்குத் தண்ணீர், பறவைக்கும் தண்ணீர், எவ்வளவு பெரிய மனசு! கூடவே கரித்தூளும் சாம்பல் சேறும் இலவசம். வாலாஜா ஏரி தூர்ந்து மேடாகிப் போனது. பிறகு அதே நிறுவனத்தின் செலவில் தூர் வாரினார்கள். உடனே அது சமூகப் பொறுப்பாகிப் புகைப்படம் எடுக்கப்பட்டது. தூர்த்தது யார் என்று கேட்பவன் நன்றிகெட்டவன்.

சேறு கண்ணுக்குத் தெரிகிறது. தெரியாதது அதைவிடக் கொடியது. 2023 ஆகஸ்டில் பூவுலகின் நண்பர்கள், மந்தன் அத்யயன் கேந்திரா என்ற இரண்டு அமைப்புகள் சேர்ந்து ஓர் ஆய்வை வெளியிட்டன. நெய்வேலிப் பக்கத்து வடக்குவெள்ளூரில் எடுத்த தண்ணீரில் பாதரசம் அனுமதிக்கப்பட்ட அளவைப்போல் 250 மடங்கு இருந்ததாக அதில் கண்டிருந்தது. பசுமைத் தீர்ப்பாயம் தானாக முன்வந்து விசாரிக்கத் தொடங்கியது. பாதரசத்தின் குணம் விசித்திரமானது. சேற்றில் உருமாறி, புழுவில் கொஞ்சம், புழுவைத் தின்ற மீனில் இன்னும் கொஞ்சம், மீனைத் தின்ற கொக்கில் அதைவிட அதிகம் என்று படிப்படியாக ஏறும். நம் நாட்டில் எந்தத் தடையும் இல்லாமல் பதவி உயர்வு கிடைப்பது அதற்கு ஒன்றுக்குத்தான். ஜப்பானின் மினமாட்டாவில் 1950களில் முதலில் பறவைகள் வானத்திலிருந்து விழுந்தன, பூனைகள் பித்துப்பிடித்துச் சுழன்றன. மனிதர்கள் பிறகுதான் விழுந்தார்கள். கொக்குக்கு என்ன ஆனால் எனக்கென்ன என்று இருப்பவர்கள் ஒன்றை நினைவில் வைத்துக்கொள்ளட்டும். கொக்கு தின்னும் கெண்டையைத்தான் நாமும் குழம்பு வைக்கிறோம்.

2023 ஜூலை வளையமாதேவி. சுரங்கத்துக்காகப் பரவனாற்றை ஏறத்தாழ 12 கிலோமீட்டருக்குத் திருப்பிவிடும் வேலை. கடைசி ஒன்றரைக் கிலோமீட்டர் பாக்கி. அந்த ஒன்றரைக் கிலோமீட்டரில் நெற்பயிர் நின்றது. காவல் படை சூழ, பொக்லைன்கள் இறங்கி, கதிர் வரும் பயிரைப் புரட்டிப் போட்டன. நிலத்தை எப்போதோ கையகப்படுத்திவிட்டோம், பயிர் வைக்காதே என்று முன்பே சொன்னோம் என்றது நிறுவனம். எந்திரம் மண்ணைப் புரட்டும் இடத்தில் பின்னாலேயே நடந்து புழு பொறுக்குவது உண்ணிக்கொக்கின் வழக்கம். பாவம், அதற்கு டிராக்டருக்கும் பொக்லைனுக்கும் வேறுபாடு தெரியாது. நம் அரசுகளுக்கும் தெரியவில்லை என்பதை அன்று பார்த்தோம்.

அந்தக் காட்சியைக் கண்டு அழுகை வந்தது என்றார் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி தண்டபாணி. பயிர் வாடினால் தானும் வாடிய வள்ளலாரை நினைவூட்டினார். இரண்டு மாதம் பொறுத்திருக்க முடியாதா என்று கேட்டார். அழிந்த பயிருக்கு ஏக்கருக்கு 40,000 ரூபாய் கொடுக்கச் சொன்னது நீதிமன்றம். நல்லது. பயிருக்காவது ஒரு விலை கிடைத்தது. அந்த வயலில் நத்தை குத்தித் தின்ற நாரைக்கும் வரப்பில் முட்டையிட்ட ஆட்காட்டிக்கும் எந்தக் கணக்கில் எழுதுவது? நெல்வயல்தான் ஈரநிலம் இல்லையே. எனவே அங்கே பறவை எதுவும் இல்லை. இல்லாத பறவைக்கு ஏது இழப்பீடு?

வள்ளலார் பெயர் வந்துவிட்டது. வளையமாதேவியிலிருந்து வடலூர் அப்படியொன்றும் தூரமில்லை. 1867இல் அவர் மூட்டிய தருமச்சாலை அடுப்பு இன்றுவரை அணையவில்லை. பசித்து வந்தவருக்குச் சோறு போடுகிறது. பக்கத்து நெய்வேலியிலும் அணையாத அடுப்பு உண்டு. அதன் கொதிகலன் பசிக்கு ஊரே போதவில்லை. ஓர் அடுப்பு ஊருக்கு ஊட்டுகிறது, மற்றது ஊரைத் தின்கிறது. அதிகாரிகள் இரண்டையும் கும்பிடுகிறார்கள். இரண்டாவதை நிதானமாக, கண்ணை மூடிக்கொண்டு.

2021இல் அரசு வள்ளலார் பிறந்த அக்டோபர் 5ஐத் தனிப்பெருங்கருணை நாள் என்று அறிவித்தது. ஆண்டுக்கு ஒரு நாள் கருணை, மீதி 364 நாளும் திட்டம். தைப்பூசத்தன்று கறிக்கடையை மூடச் சொல்லி உத்தரவு வரும். அன்றைக்கு ஆடு பிழைத்தது, கோழி பிழைத்தது. பெருமாள் ஏரிக்குள் விழும் சேற்றுக்கு மட்டும் தைப்பூச விடுமுறை கிடையாது. அதோடு விட்டார்களா? பார்வதிபுரத்து மக்கள் தானமாகக் கொடுத்து, வள்ளலார் ஞானசபைக்கு முன்னால் வெளியாகவே விட்டுவைத்த பெருவெளியில், ஏறக்குறைய 100 கோடி ரூபாயில் சர்வதேச மையம் கட்ட 2024 பிப்ரவரியில் அடிக்கல் நாட்டினார்கள். ஏப்ரலில் பார்வதிபுரத்து மக்கள் தோண்டிய பள்ளத்துக்குள் இறங்கி நின்று மறித்தார்கள். பயிர் வாடினால் வாடியவருக்குப் பயிர் நிற்கும் மண்ணைக் காத்து மரியாதை செய்வது இவர்களுக்கு எட்டாத வித்தை. கான்கிரீட் ஊற்றுவதுதான் கைவந்த கலை.

எங்களுக்கும் கௌரவம் உண்டு, மறைக்க மாட்டேன். 2022 வரை தமிழ்நாட்டில் கோடியக்கரை ஒன்றுதான் ராம்சார் தலம். 2025க்குள் அது 20 ஆகிவிட்டது, இந்தியாவிலேயே முதலிடம். எங்கள் பங்குக்குப் பிச்சாவரம், சுமார் 1,478 ஹெக்டேர். அங்கே படகு உண்டு, பலகை உண்டு, எம்.ஜி.ஆர். இதயக்கனியில் வந்து போன பெருமையும் உண்டு. பறவைகள் அங்கே துணை நடிகர்கள். ஆனால் பிச்சாவரம் ஒரு பாடத்தையும் வைத்திருக்கிறது. பல ஆண்டுகள் வனத்துறையே கூறு கூறாக மரம் வெட்டியதில் மண் தாழ்ந்து, கடல்நீர் தேங்கி, உப்பேறி, சுரபுன்னைக் காடு திட்டுத்திட்டாக மொட்டையானது. 1990களில் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் வனத்துறையும் ஊர்க்காரர்களும் சேர்ந்து மீன்முள் வடிவில் வாய்க்கால் வெட்டினார்கள். ஏற்றவற்றம் உள்ளே வந்து போனது; காடு திரும்பியது. மண்வெட்டியால் கெட்டதை மண்வெட்டியாலேயே சரிசெய்ய முடியும் என்று இந்த மாவட்டமே காட்டியிருக்கிறது. ஆகவே முடியாது என்று யாரும் எங்களிடம் சொல்ல வராதீர்கள்.

இது எங்கள் ஊர்ச் சாபம் மட்டுமில்லை. மேற்கு ஆப்பிரிக்காவின் கானாவில் அட்டேவா என்றொரு மலைக்காடு. தலைநகர் அக்ராவுக்குக் குடிநீர் தரும் டென்சு ஆறு அங்கேதான் பிறக்கிறது. சென்னைக்கு வீராணம்போல என்று வைத்துக்கொள்ளுங்கள். தலையில் இறகே இல்லாமல், மஞ்சள் மண்டையோடு, பாறைச் சரிவில் மண் குழைத்துக் கூடு கட்டும் பிகாத்தார்ட்டஸ் என்னும் அபூர்வப் பறவை அந்த நாட்டுக் காடுகளில் உண்டு. பல பத்தாண்டுகள் காணாமல் போய், 2003இல்தான் அங்கே மறுபடி கண்ணில் பட்டது. அட்டேவாவின் மண்ணுக்குள் பாக்சைட் இருக்கிறது. 2018இல் சீன நிறுவனத்தோடு பாக்சைட்டை ஈடாக வைத்துச் சாலை, பாலம் கட்ட 200 கோடி டாலருக்கு ஒப்பந்தம் போட்டது அரசு. 2022இல் காப்புக்காடுகளுக்குள் சுரங்கம் தோண்ட ஒழுங்குவிதிகள் வந்தன. அவற்றின் பெயர் சுற்றுச்சூழல் பாதுகாப்பு என்றுதான் தொடங்கியது! ஆக, கடல் தாண்டிப் போனாலும் கையெழுத்து ஒன்றுதான். கானா மக்கள் அதற்கு எதிராகத் தெருவுக்கும் நீதிமன்றத்துக்கும் போனார்கள். நாம் வாட்ஸப்பில் பூநாரைப் படம் அனுப்பிக் கொண்டிருக்கிறோம்.

பறவைக்காக யாரும் சுரங்கத்தை நாளைக் காலையில் மூடச் சொல்லவில்லை. மின்சாரம் வேண்டாம் என்று சொல்லும் அளவுக்கு நாங்கள் ஞானிகளும் இல்லை. இரண்டு காரியம் கேட்கிறோம். நெல்வயலையும் ஏரியையும் ஈரநிலப் பட்டியலிலிருந்து நீக்கிய அந்த வரியை அடியுங்கள். அதற்கு டெல்லி வரை போக வேண்டும் என்பீர்கள், சரி, போய் வாருங்கள். இரண்டாவதற்குக் குறிஞ்சிப்பாடிவரை வந்தால் போதும். பரவனாறு, வாலாஜா, பெருமாள் ஏரி, மூன்றின் தண்ணீரையும் மாதாமாதம் சோதித்து, பாதரசம் எவ்வளவு, கரி எவ்வளவு என்று தமிழில், பேருந்து நிலையத்தில், எல்லார் கண்ணிலும் படும்படி எழுதி வையுங்கள். பன்னாட்டு நிதி வேண்டாம், ஆலோசனை நிறுவனம் வேண்டாம், அடிக்கல்லும் வேண்டாம். ஒரு கரும்பலகையும் ஒரு சுண்ணாம்புக்கட்டியும் போதும். நவரத்தின நிறுவனத்துக்கும் அரசுக்கும் அதற்குக்கூட வக்கில்லை என்றால் கூச்சப்படாமல் சொல்லுங்கள், ஊர் கூடி வாங்கித் தருகிறோம்.