முடிக்கு வந்த மரியாதை

கேள்வி: காற்றில் எவ்வளவு ஈரம் என்பதைத் தலைமுடியை வைத்தே அளந்தார்களாமே, நிஜமா?

பதில்: நிஜம்தான். ஜெனீவாக்காரரான சொஸ்யூர் 1783-ல் இதற்காக ஒரு புத்தகமே போட்டார். ஈரம் ஏறினால் முடி நீளும், காய்ந்தால் சுருங்கும். வறண்ட காற்றிலிருந்து முழு ஈரத்துக்குப் போனாலும் நீளம் கூடுவது சுமார் 2 சதவீதம்தான். அந்தத் துக்குணூண்டு நீட்சியைச் சின்ன உருளையில் சுற்றி முள்ளை நகர வைத்தார். பிசுக்கு போக முடியைச் சோடாக் கரைசலில் வேகவும் வைத்தார். (எண்ணெய் தடவிய நம்மூர்த் தலைகள் முதல் சுற்றிலேயே அவுட்!)

ஜெனீவாவிலேயே பிறந்த தெலூக், திமிங்கில வாயிலுள்ள பலீன் பட்டைதான் உசத்தி என்றார். இருவரும் எழுத்தில் மோதிக்கொண்டார்கள். கடைசியில் ஜெயித்தது முடி. 20-ஆம் நூற்றாண்டிலும் வானிலை நிலையங்களில் வேலை பார்த்தது.

வழுக்கையர்கள் வருந்த வேண்டாம். இரண்டு வெப்பமானி போதும். ஒன்றின் குமிழில் ஈரத்துணி சுற்றி, காற்றுப் பட வையுங்கள். இரண்டும் காட்டும் வித்தியாசத்தை அட்டவணையில் பார்த்தால் ஈரப்பதம் தெரிந்துவிடும். வித்தியாசமே இல்லையா? காற்று நூற்றுக்கு நூறு வாங்கிவிட்டது. துவைத்த துணியை இன்று மாடிக்குக் கொண்டுபோகாதீர்கள்.