யேல் வம்சாவளி

எலிஹு யேலின் வம்சாவளி குறையற்றது. பூர்வீகம் வேல்ஸ் நாட்டு ரெக்ஸம் பக்கம். 1649இல் பாஸ்டனில் பிறந்து, சில ஆண்டுகளில் குடும்பத்தோடு இங்கிலாந்து திரும்பி, என்றென்றைக்கும் அமெரிக்கரானார். 1687 முதல் 1692 வரை சென்னைக் கோட்டையின் கவர்னர். சொந்த வியாபாரத்தில் அவர் காட்டிய அக்கறையை மெச்சி, கிழக்கிந்தியக் கம்பெனி பதவிச் சுமையை இறக்கி வைத்தது. ஆண் வாரிசு தங்கவில்லை. 1718இல் கனெக்டிகட் கல்லூரிக்கு 417 புத்தகங்கள், ஜார்ஜ் மன்னர் படம், ஒன்பது பொதி சரக்கு அனுப்பினார். மஸ்லினும் காலிகோவும் கலந்த அச்சரக்கு சுமார் 562 பவுனுக்கு விற்றது; கல்லூரி பெயரை மாற்றி வாரிசானது.

பட்டாசு ஊரான நாரணாபுரமும் ஒன்பது பண்டல் சரவெடி அனுப்பிப் பார்க்கலாம். ஏதாவதொரு பல்கலைக்கழகம் பேரனாக வாய்க்கும். திரி சொருகியவர் பெயரைக் குறிக்க வேண்டியதில்லை. துணி நெய்தவர் பெயரையும் அங்கே யாரும் கேட்கவில்லை.