பதினெட்டு அடிப் பலகை

கேள்வி: வாக்குச்சாவடிகளில் சாய்தளம், சக்கர நாற்காலி எல்லாம் வைத்துவிட்டார்களே. மாற்றுத்திறனாளிகளுக்கு இன்னும் என்ன குறை?

பதில்: சாய்தளம் இருக்கிறது, சரி. சரிவு எவ்வளவு என்று பார்த்தீர்களா? ஓர் அடி உயரம் ஏற 12 அடி நீளம் வேண்டும் என்பது கணக்கு. பள்ளிக்கூட வாசலில் மூன்று படி, ஒன்றரை அடி என்றால் 18 அடி நீளத்துக்குப் போட வேண்டும். அவசரத்துக்கு ஒரு குட்டைப் பலகையைச் சாய்த்துவிட்டால் அதில் ஏறுபவர் வாக்காளர் இல்லை, மலையேற்ற வீரர்! இத்தனைக்கும் சாய்தளம் போடச் சொல்லி உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது 2004-இல்.

பார்வையற்றவர்களுக்கு மின்னணு இயந்திரத்தில் பொத்தானுக்குப் பக்கத்தில் பிரெய்லி எண் உண்டு. தடவிப் பார்த்து அமுக்கலாம், பீப் சத்தமும் கேட்கும். ஆனால் யாருக்கு விழுந்தது என்று காட்டும் சீட்டு கண்ணாடிக்குள் 7 விநாடி தெரிந்துவிட்டு உள்ளே விழுந்துவிடும். அதை அவர் எதை வைத்துச் சரிபார்ப்பது? துணைக்கு ஆள் கூட்டிப் போகலாம்தான். துணைக்கு வருபவருக்கு 18 வயது நிரம்பியிருக்க வேண்டும். ஒருவர் அன்றைக்கு ஒருவருக்கு மட்டுமே துணை. "வாங்கண்ணே, நான் இருக்கேன்" என்று வாசலில் காத்திருக்கும் கட்சிக்காரர்களுக்கு இதில் கொஞ்சம் வருத்தம்.

40 சதவீதமோ அதற்கு மேலோ குறைபாடு உள்ளவர்கள் 12டி படிவம் கொடுத்தால் வீட்டிலேயே ஓட்டுப் போடலாம். 2024 மக்களவைத் தேர்தலில் நாடு முழுக்க இது வந்தது. நல்ல ஏற்பாடு. ஆனால் சிலருக்குச் சலவைச் சட்டை போட்டுக்கொண்டு, வரிசையில் நின்று, பக்கத்துத் தெருக்காரரிடம் வம்பளந்துவிட்டு ஓட்டுப் போடத்தான் ஆசை. அவர்களுக்காகவாவது அந்தப் பலகையைக் கொஞ்சம் நீளமாகப் போடுங்கள் சாமி!